பதினான்காம் விதி

பதினோராவது முறை சர்வர் தானாக நின்று தானாக எழுந்தபோது நிலோஃபர் கேன்டீனில் இருந்தாள். காலை எட்டு மணி இருபத்தைந்து நிமிடம். தோசைத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் படியேறினாள். ஓடினாலும் நடந்தாலும் சர்வர் எழ ஆறு நிமிடம் ஆகும். ஆனாலும் ஓடினாள்.

அந்த ஆறு நிமிடமும் தமிழ்நாட்டில் நாலாயிரத்து இருநூறு பேரால் பேச முடியாது.

அவர்கள் 'மறுகுரல்' அணிந்தவர்கள். புற்றுநோய்க்குக் குரல்வளையைக் கொடுத்தவர்கள், பக்கவாதத்தில் நாக்கு மரத்துப்போனவர்கள். அவர்கள் கழுத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை இருக்கும். பேச நினைத்ததும் நரம்பு தசைக்கு அனுப்பும் துடிப்பைப் பட்டை படிக்கும். கோவையில் இருக்கும் சர்வர் அதை வாக்கியமாக்கும். முதலில் காதுக்குள் இருக்கும் சின்னப் பொத்தான் அதை அணிந்தவருக்கு மட்டும் முணுமுணுக்கும். அவர் நினைத்தது அதுதான் என்றால் சும்மா இருக்கலாம். ஒன்றரை வினாடியில் சட்டையில் செருகிய ஸ்பீக்கர் அதை அவருடைய பழைய குரலில் வெளியே பேசிவிடும். அது இல்லை என்றால் பட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அந்த இடத்துக்கு 'மாத்து' என்று பெயர். சர்வர் வேறு வாக்கியம் தேடும்.

சர்வர் அறையில் குழந்தைவேல் ஏற்கெனவே நின்றிருந்தார். பராமரிப்புப் பிரிவின் தலைவர். வெறும் காலோடு வந்திருந்தார்.

"வந்துட்டியா அம்மிணி. பாரு, தூங்கி எழுந்த குழந்தையாட்டம் முழிக்குது."

இரும்பு அலமாரியின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தன. கதவில் ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் தொங்கின. ஒன்பதாவது தடவைக்குப் பிறகு யாரோ கட்டியது. யார் என்று குழந்தைவேல் விசாரிக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை.

ஐந்து வாரமாக எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். யூபிஎஸ், நினைவுச் சில்லுகள், குளிரூட்டி, கேபிள்கள். கீழே பெருச்சாளி இருப்பதாகக் காவலாளி சொன்னதை நம்பித் தரையைக்கூடப் பெயர்த்தார்கள். பெருச்சாளி இருந்தது. சர்வருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்தாவது தடவை, வேலூரில் ஒரு பெண், ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கப் போன மகளைத் தடுக்க வாய் திறந்தாள். குரல் வரவில்லை. குழந்தைக்கு முட்டியில் சிராய்ப்போடு போனது. சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் வந்தது: ஒரு வாரத்துக்குள் காரணம் தெரிய வேண்டும்.

நிலோஃபர் நோட்டில் நேரங்களை எழுதி வைத்திருந்தாள். பதினொன்றும் காலை எட்டிலிருந்து எட்டே முக்காலுக்குள். மின்சாரமாக இருந்தால் நேரம் பார்த்து வராது. பெருச்சாளியும் பார்க்காது. மனிதர்கள்தான் நேரம் பார்ப்பார்கள்.

"சார், கோளாறு உள்ளே இருக்கற மாதிரி தெரியலை. வெளியிலேர்ந்து வருது."

"வெளியிலேர்ந்துன்னா?"

"யாரோ ஒருத்தர் ஏதோ பேசறாங்க. அதுல விழுந்துடுது."

குழந்தைவேல் சிரித்தார். "பேச்சைக் கேட்டு மயங்கி விழறதுக்கு இதென்ன மாப்பிள்ளையா?"

யார் என்ன பேசுகிறார்கள் என்று சர்வர் சேமித்து வைக்காது; சட்டம் அனுமதிக்காது. ஆனால் சர்வருக்கு முன்னால் ஒரு சிறிய கணினி இருக்கிறது. எந்தப் பட்டை இணைந்திருக்கிறது, எத்தனை முறை மாத்து அழுத்தப்பட்டது என்ற எண்கள் மட்டும் அதில் இருக்கும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நிலோஃபர் திறந்தாள். மதியம் சாப்பாட்டுக்கு முன் விடை கிடைத்துவிட்டது.

பதினொரு முறையும், நிற்பதற்கு முந்தைய நிமிடத்தில், ஒரே பட்டை. எண் 3117. மாத்து: 58. 61. 57. 60.

"அறுபது தடவையா?" குழந்தைவேல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"ஒவ்வொரு தடவையும் சர்வர் பழைய முயற்சியை எல்லாம் ஞாபகம் வெச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் அகலமாத் தேடும் சார். நாம சோதனை பண்ணினப்போ ஆறு தடவைக்கு மேல யாரும் அழுத்தலை. அறுபதுல ஞாபகம் நிரம்பிடுது. காவல் நிரல், மிஷின் செத்துப்போச்சுன்னு நினைச்சு எழுப்பி விட்டுடுது."

"அட. அவ்வளவுதானா?" ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப பத்தோட நிறுத்திரு. பத்துக்கு மேல அழுத்தினா எடுத்துக்காதே."

"அது என்ன வாக்கியம்னு..."

"என்ன வாக்கியமா இருந்தா நமக்கென்ன? நாலாயிரத்து இருநூறு பேரு அம்மிணி."

அவர் சொன்னதில் தப்பில்லை. நிலோஃபர் அன்று மாலையே எட்டு வரி எழுதி வரம்பை வைத்தாள். மறுநாள் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை எல்லோரும் சர்வர் அறையிலேயே நின்றார்கள். சர்வர் நிற்கவில்லை. குழந்தைவேல் மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார். எலுமிச்சம்பழத்தை அவரே அவிழ்த்தார்.

நிலோஃபர் அந்தச் சிறிய கணினியைப் பார்த்தாள். 3117. எட்டு இருபத்தொன்று. மாத்து: 10. எட்டு இருபத்திரண்டு. மாத்து: 10. எட்டு இருபத்து நான்கு. மாத்து: 10.

அடுத்த நாளும் இரண்டு பத்துகள்.

அதற்கடுத்த நாளிலிருந்து ஒன்றுமே இல்லை. மாத்து இல்லை, பேச்சும் இல்லை. 3117 என்ற எண் சாம்பல் நிறமாக இருந்தது. பட்டை கழற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

*

இமெல்டா மொழிப் பிரிவில் இருந்தாள். தூத்துக்குடிக்காரி. நிலோஃபரைவிட ஆறு வயது பெரியவள். யார் வந்தாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுவாள்.

"ஏட்டி, மைசூர்பாகு மிச்சம் இருக்கா?"

"இல்லை. ஒண்ணு கேக்கணும். பத்து தடவை மாத்துன்னு அழுத்தின பிறகு என்ன ஆகும்?"

"நீதான வரம்பு போட்ட. நீதான் சொல்லணும்."

நிலோஃபர் தான் எழுதிய எட்டு வரிகளை நினைத்துப் பார்த்தாள். பத்துக்கு மேல் பொத்தான் வேலை செய்யாது. மாற்றச் சொல்லி யாரும் கேட்காவிட்டால், ஒன்றரை வினாடியில் ஸ்பீக்கர் கடைசி வாக்கியத்தைப் பேசிவிடும்.

"வேண்டாம் வேண்டாம்னு சொன்னதையே வெளியே பேசியிருக்கு," என்றாள் மெதுவாக. "அஞ்சு தடவை."

இமெல்டா இப்போது திரும்பினாள்.

சொற்கள் சேமிக்கப்படுவதில்லை. ஆனால் எந்த விதி எத்தனை முறை வேலை செய்தது என்று மொழிப் பிரிவில் ஒரு கணக்கு இருந்தது. 3117-ன் எல்லா முயற்சிகளிலும் ஒரே விதி வந்திருந்தது. ஒவ்வொரு முயற்சியிலும். பதினான்கு.

இமெல்டா திரையில் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "அது என் விதி," என்றாள்.

"என்ன விதி?"

"பள்ளிக்கூடத்துல மங்கல வழக்கு படிச்சிருப்பியே. செத்தார்னு சொல்லாம இறைவனடி சேர்ந்தார்னு சொல்றது. விளக்கை அணைன்னு சொல்லாம அமத்துன்னு சொல்றது. மறுகுரல் வந்த புதுசுல இதெல்லாம் இல்லை. நினைச்சதை அப்படியே பேசிரும். ஈரோட்டுல ஒரு கல்யாண வீடு. முகூர்த்தத்துக்கு முன்னால பொண்ணோட அப்பா ஸ்பீக்கர்ல, எண்ணெய் இல்லை, பூ இல்லைன்னு வரிசையாச் சொல்லிட்டாரு. சம்பந்தி வீட்டுக்காரங்க எந்திரிச்சிட்டாங்க. பாதி வாய்ல வர்றதை நாம முழுங்கிருவோம்லா, மிஷினுக்கு முழுங்கத் தெரியாது. புகாரா வந்து குவிஞ்சுது. துறையில இருந்து கடுதாசி. நான் உக்காந்து முப்பத்தொரு விதி எழுதினேன். எனக்குப் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன்."

"பதினாலு?"

"எங்கன்னு சொல்லாம வெறுமனே 'போறேன்'னு சொன்னா, அதைப் 'போயிட்டு வரேன்'னு மாத்தும். 'வரமாட்டேன்'னா, 'அப்புறம் வரேன்'. 'வீட்டை விட்டு'ன்னு வந்தா, 'வெளியே'."

ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது.

"அறுபது தடவை போறேன்னு சொல்லப் பாத்திருக்காங்க," என்றாள் நிலோஃபர்.

"ஏட்டி." இமெல்டாவின் குரல் தணிந்திருந்தது. "சாகப் போறவங்ககூட அப்படித்தான் சொல்லுவாங்க."

நிலோஃபருக்குத் தெரியாதவர்களோடு போனில் பேசுவது பிடிக்காது. என்ன பேச வேண்டும் என்று முதலில் தாளில் எழுதிக்கொள்வாள். அன்று எழுதவில்லை. 3117-ன் பதிவில் திருப்பூர் முகவரி இருந்தது: மோகனப்பிரியா, வயது முப்பத்தொன்பது. எண்ணை அழுத்தினாள். எடுத்தது ஆண் குரல்.

"நல்லாத்தானுங்க இருக்கறா. என்னமோ ரெண்டு நாளா பட்டையக் கழட்டி வெச்சுட்டா. பேசறதுக்கே இஷ்டமில்லீங்க. நீங்களே ஒருக்கா வந்து மிஷினைப் பாத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

*

சனிக்கிழமை காலை நிலோஃபர் பஸ் ஏறினாள். வீடு திருப்பூர் ராயபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தவர் ரத்தினகுமார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவளுக்காக ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருந்தார்.

மோகனப்பிரியா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தழும்பு. பக்கத்து ஸ்டூலில் பட்டை, சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. உயிரோடுதான் இருந்தாள். வரும் வழியெல்லாம் நிலோஃபர் வேறு ஏதோ பயந்துகொண்டு வந்திருந்தாள்.

"எத்தனை நாளா தொந்தரவுங்க?" என்று அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒன்றரை மாசமாச்சுங்க," என்றார் ரத்தினகுமார். "காலையில நான் கிளம்பறப்போ எதையோ சொல்ல வர்றா. பட்டைய அமுக்கிட்டே நிக்கறா. ஒண்ணும் வராது. நான் சரி சாமி, சாயங்காலம் பேசிக்கலாம்னு போயிருவனுங்க."

"கழுத்துல அரிக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. அவளுக்குத் தோல் நல்ல தோலு."

"டீ, காபி..." என்று மோகனப்பிரியா பக்கம் கையைக் காட்டி, "டீ வெக்கட்டுமான்னு கேக்கறா," என்றார் ரத்தினகுமார். அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. பால் இல்லாததைக் கண்டு பையை எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கினார். படியில் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

நிலோஃபர் லேப்டாப்பைத் திறந்து கேபிளை எடுத்தாள். "இதைச் செருகினா சர்வருக்குப் போகாது. இந்த லேப்டாப்பே படிச்சுக்கும். விதி எதுவும் இல்லாம, நீங்க நினைக்கறது எழுத்தா இதுல மட்டும் வரும். சத்தம் வராது. நான் எங்கேயும் சேமிக்க மாட்டேன்." கொஞ்சம் தயங்கி, "மாத்தைப் பத்து தடவையோட நிறுத்தினது நான்தான். மன்னிச்சுக்குங்க," என்றாள்.

மோகனப்பிரியா அவளைப் பார்த்தாள். பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். திரையில் எழுத்துகள் வந்தன.

*நான் போறேன்.*

அதைப் பார்த்ததும் மோகனப்பிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரையை விரலால் தொட்டாள்.

"எங்கேங்க?" என்றாள் நிலோஃபர்.

*பெருந்துறைக்கு. ஒரு கம்பெனில சாம்பிள் செக்‌ஷன்ல வேலை. எங்கூட லைன்ல இருந்த புள்ள வாங்கிக் குடுத்துச்சு. அவகூடவே தங்கிக்கலாம்.*

நிலோஃபர் மூச்சை விட்டாள். "வேலைக்கா?"

*வேலைக்கு மட்டும் இல்லை. இங்கிருந்து.*

"அவர் ஏதாவது..."

*அவரு அடிக்கலைங்க. குடிக்கலைங்க. ஆபரேஷன் அப்போ நாப்பது நாள் ஆஸ்பத்திரில தரையில படுத்திருந்தாரு. ஊரே தங்கமான மனுசன்ங்குது. தங்கம்தான்.*

சற்று நின்று எழுத்துகள் மறுபடி ஓடின.

*நான் அறுபது தையல் மிஷின் ஓடற லைன்ல சூப்பர்வைசரா இருந்தவளுங்க. ஒரு சத்தம் போட்டா அத்தனையும் நிக்கும். இப்போ நான் வாயத் திறந்தா மிஷின் யோசிக்கற ஒன்றரை வினாடிக்குள்ள அவரு பேசி முடிச்சிருவாரு. எனக்குப் பசிக்குதுன்னு அவரு சொல்லுவாரு. எனக்குப் புடவை பிடிக்கலைன்னு அவரு சொல்லுவாரு. நாலு வருசமாச்சு. இப்பெல்லாம் எனக்கே அவரு சொல்றதுதான் என் நெனப்போன்னு ஆயிருச்சு. அதுக்கு முன்னால போயிரணும்.*

நிலோஃபர் அந்த வரிகளை இரண்டு முறை படித்தாள். பிறகு, ஐந்து நாளாகத் தன்னைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"எழுதிக் காட்டியிருக்கலாமே?"

*எழுதி வெச்சுட்டுப் போனா ஓடிப்போனவன்னு பேருங்க. சொல்லிட்டுப் போகணும். அவரு மூஞ்சிக்கு நேரா, முடிஞ்சா அவங்கக்கா முன்னால. சொல்லிட்டுப் போறவளுக்கு வாசல் வழி. எழுதி வெச்சவளுக்குச் சந்து.*

"காலையில மட்டும் ஏன்?"

*சாயங்காலம் அவரு களைச்சு வருவாரு. பாத்தா மனசு வராது. காலையில அவரு ஷூ போடறப்பதான் தைரியம் இருக்கும்.* மோகனப்பிரியாவின் உதடு கோணியது. சிரிப்பா என்று தெரியவில்லை. *போறேன்னு நெனச்சா காதுல போயிட்டு வரேங்கும். மாத்து, மாத்துன்னு நிப்பேன். வேற வழியில சொல்லிப் பாப்பேன். வரமாட்டேன்னா அப்புறம் வரேங்கும். இந்த வாரம் அதுவாவே வெளிய சொல்லிருச்சு. அஞ்சு தடவை. ஒவ்வொரு தடவையும் அவரு, போயிட்டு வா கண்ணு, கோயிலுக்கான்னு கேக்கறாரு.*

படியில் செருப்புச் சத்தம். நிலோஃபர் லேப்டாப்பை மூடினாள்.

"சரியாயிருச்சுங்களா? என்ன சொல்றா?" என்றார் ரத்தினகுமார். பால் பாக்கெட்டோடு ஒரு பொட்டலம் வடையும் வாங்கி வந்திருந்தார்.

"இன்னும் இல்லைங்க. ஒரு வாரத்துல சரி பண்ணிடுவோம்."

டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வரேங்க," என்றாள். சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது. மோகனப்பிரியா சத்தமில்லாமல் சிரித்தாள்; தோள்கள் குலுங்கின. என்ன ஜோக் என்று தெரியாமல் ரத்தினகுமாரும் கூடச் சிரித்தார்.

*

"முடியாது," என்றார் குழந்தைவேல்.

திங்கட்கிழமை. மூவரும் அவர் அறையில் இருந்தார்கள். நிலோஃபர் கேட்டது சின்ன மாற்றம்: ஒருவர் இரண்டு முறை மாத்து அழுத்தினால், மூன்றாம் முறை முப்பத்தொரு விதியும் ஒதுங்கிவிட வேண்டும். நினைத்தது நினைத்தபடி வெளியே வர வேண்டும்.

"அந்தம்மா பெருந்துறைக்குப் போறாங்க. சரி. நாளைக்கு இன்னொருத்தர் போறேன்னு சொல்லிட்டுக் கிணத்துல போய் விழுந்தா? உங்க மிஷின் சொல்லுச்சேன்னு இங்கதான் வந்து நிப்பாங்க."

"இப்பவும் விழலாம் சார். போயிட்டு வரேன்னு சொல்லிட்டு விழுவாங்க. யாருக்கும் தெரியாது."

தான் அப்படிப் பேசியது நிலோஃபருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சர்வர் நிக்கறதுதானே நம்ம பிரச்சனை? அது தீந்துபோச்சே," என்றார் அவர்.

"நிக்கறது பிரச்சனை இல்லை சார். அவங்களால அதைச் சொல்ல முடியலை. அதனால நின்னுது. நாம அஞ்சு வாரமா யூபிஎஸ்ஸை மாத்திட்டு இருந்தோம்."

குழந்தைவேல் இமெல்டாவைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே? துறைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லுதேன். எழுதினது நான். ஒரு கல்யாண வீட்டைக் காப்பாத்த எழுதினேன். நல்ல வார்த்தையா இருந்தா யாருக்கு என்ன நட்டம்னு நினைச்சேன்." அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாம போயிட்டு வரேன்னு சொல்லுறது, வர்றதுக்கு சார். வராதவங்களையும் அப்படிச் சொல்ல வெச்சா அது மங்கலம் இல்லை. வாயைப் பொத்துறது."

குழந்தைவேல் ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார்.

"வெள்ளிக்கிழமை போடுங்க. சனி, ஞாயிறு ஹெல்ப்லைன்ல யாரு இருக்கறது?"

"நான்," என்றாள் நிலோஃபர்.

"நீ போன்லயே பேச மாட்டியே அம்மிணி."

"பேசறேன் சார்."

வெள்ளிக்கிழமை விதிகளைத் தளர்த்தினார்கள். அதோடு பத்து என்ற வரம்பையும் நிலோஃபர் எடுத்துவிட்டாள். மூன்றாம் முறையே நினைத்தது வந்துவிடும் என்றால் அறுபது வரை யார் அழுத்தப் போகிறார்கள்? மோகனப்பிரியாவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: *இரண்டு முறை மாத்து. மூன்றாவது உங்களுடையது.* பதில் வரவில்லை. ஆனால் மாலையில் 3117 சாம்பலிலிருந்து பச்சைக்கு மாறியது.

*

சனிக்கிழமை நான்கு புகார்கள். தாராபுரத்தில் ஒரு மகன்: "எங்கப்பா விளக்கை அணைன்னு சொல்றாருங்க. சாமி விளக்கை." அவர் இரண்டு முறை மறுத்துவிட்டுச் சொன்னார் என்று நிலோஃபர் விளக்கினாள். மகன் யோசித்து, "அப்படீன்னா வேணும்னேதான் சொல்லியிருக்காரு, எங்கூடச் சண்டை," என்று வைத்துவிட்டான். மன்னார்குடியில் ஒரு மருமகள், மாமியார் வாயில் 'செத்தான்' என்ற சொல்லை நேராகக் கேட்டதாகச் சொன்னாள். யாரை என்று நிலோஃபர் கேட்கவில்லை. "எங்க மாமாவைத்தான்," என்று அவளே சொன்னாள். "பதினஞ்சு வருஷத்துல முதல் தடவையா அழுறாங்க. மிஷினைச் சரி பண்ணணுமா வேண்டாமான்னு தெரியலை. அதைக் கேக்கத்தான் போட்டேன்."

ஞாயிறு காலை பதினொன்றரை மணிக்குத் திருப்பூரிலிருந்து அழைப்பு.

"ரத்தினகுமார் பேசறனுங்க. வீட்டுக்கு வந்தது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க." நிலோஃபர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையில் 3117 பச்சையாக இருந்தது.

"மிஷின் மறுபடியும் மக்கர் பண்ணுதுங்க."

"என்ன ஆச்சுங்க?"

"தப்பாப் பேசுதுங்க. முந்தின வாரமெல்லாம் போயிட்டு வரேன்னு நல்லாச் சொல்லிட்டிருந்துச்சு. இன்னைக்கு வெறுமனே போறேங்குது. மூணு தடவை சொல்லிருச்சு. நானே பட்டையக் கழட்டி, ஆஃப் பண்ணி, மாட்டிவிட்டனுங்க. மறுக்காவும் அதையேதான் சொல்லுது." மூச்சு வாங்கினார். "அங்கிருந்து ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணி விடுங்களேன். சரியாயிரும்."

"மிஷின் சரியாத்தான் இருக்குங்க," என்றாள் நிலோஃபர்.

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அவங்க சொன்னதைத்தான் அது சொல்லுது."

ரத்தினகுமார் குரலைத் தணித்துக்கொண்டு, "பேக் எடுத்து வெச்சிருக்கறாங்க," என்றார். மனைவிக்கு அவர் 'ங்க' போட்டது தவறியா என்று நிலோஃபருக்குத் தெரியவில்லை. "எங்கக்கா வந்திருக்குது. அதும் பாத்துட்டுத்தான் நிக்குது. ஏனுங்க... போயிட்டு வரேன்னா போயிட்டு வான்னு சொல்லலாம். போறேன்னா, என்னங்க சொல்றது?"

நிலோஃபர் யோசித்தாள். இமெல்டாவின் விதிப் பட்டியலில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, கேட்பவர் வழக்கமாகச் சொல்லும் பதிலும் எழுதியிருக்கும். சரி. பார்த்து. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. இதற்கு நேரே ஒன்றும் எழுதியதாக நினைவில்லை. தன் வீட்டிலும் இதை யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அதனால் பதிலையும் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியலைங்க," என்றாள்.

அவர் போனை வைக்கவில்லை. எதன் மேலோ வைத்தார். மரத்தில் தட்டும் ஒலி கேட்டது. பிறகு கொஞ்சம் தள்ளி அவர் குரல்.

"எந்த பஸ்ஸு?"

பதில் வரவில்லை. அறுநூறு வார்த்தை நுழைந்துவிடும் போல அந்த இடைவெளி நீண்டது. பெருந்துறை பஸ் என்றோ, வேண்டாம் கண்ணு என்றோ, அவளுக்குத் தலைவலி என்றோ அவர் எதையாவது சொல்வார் என்று நிலோஃபர் காத்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"பன்னெண்டு மணிக்குங்க," என்றது ஒரு பெண் குரல். கணீரென்று இருந்தது. அறுபது தையல் மிஷின்களை நிறுத்தும் குரல்தான்.

"இன்னும் இருக்குதே அரை மணி நேரம்," என்றார் அவர்.

அதற்கு மேல் அது தனக்கானது இல்லை என்று நிலோஃபர் இணைப்பைத் துண்டித்தாள்.